குழந்தைக்குக் கற்றுத்தருபவரைப் பயிற்றுவிப்பது எப்படி? செய்து காட்டி, செய்யவைத்து, திருத்தும் முறைக்கான முழுமையான வழிகாட்டி

அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ உள்ள குழந்தைக்கு அன்றாட வேலைகளைக் கற்றுத்தரும் சிறப்பாசிரியர்கள், பகல்நேர மைய உதவியாளர்கள், பெற்றோர் ஆகியோருக்குப் பயிற்சி அளிக்கப் புதிதாகப் பொறுப்பேற்றிருப்பவர்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. குழந்தைக்குக் கற்றுத்தரும் முறை இதில் ஒரு பாதிதான். அந்த முறைக்குப் பெரியவரின் கையும் வாயும் பழகும்படி செய்வது எப்படி என்பதே இங்கே முதன்மையான கேள்வி.

புதிய பயிற்றுநர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். இரண்டு மணி நேரம் விளக்கிவிட்டு, கடைசிப் பத்து நிமிடத்தில் "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்று கேட்கிறார்கள், எல்லாரும் தலையசைக்கிறார்கள், மறுநாள் குழந்தையின் முன் நின்றதும் "கழுவு, கழுவுடா, கழுவு" என்று பழைய வழக்கமே திரும்பிவிடுகிறது. அவர்கள் புரிந்துகொண்டது உண்மைதான், ஆனால் செய்து பழகவில்லை. சொல்லுதல், செய்து காட்டுதல், செய்யவைத்தல், பின்னூட்டம் தருதல் என்ற நான்கும் இதே வரிசையில் நடக்க வேண்டும். கடைசி இரண்டும் தேர்ச்சி வரும்வரை திரும்பத் திரும்ப நடக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாகக் கைகழுவக் கற்றுத்தருவதை எடுத்துக்கொள்கிறேன். நாளில் பலமுறை இயல்பாகவே வரும் வேலை இது. தொடக்கமும் முடிவும் கண்ணுக்குத் தெரியும். பள்ளியிலும் வீட்டிலும் ஒரே அளவுக்குத் தேவைப்படும். பல் துலக்குதல், சட்டை மாட்டுதல், பேச்சுக்குப் பதிலாகப் படத்தைக் காட்டி வேண்டியதைக் கேட்டுப் பெறுதல் என எதை எடுத்தாலும் படிகளின் வரிசை மாறாது.

1. தொடங்கும் முன் தேவைப்படுபவை

முதலில் ஆட்களின் எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். ஒரு பயிற்றுநருக்கு 4 முதல் 6 பேர் போதும். காரணம் எளிய கணக்கு: ஒருவர் ஒருமுறை செய்து பார்க்க ஏறத்தாழ 4 நிமிடமும், அதற்குப் பின்னூட்டம் சொல்ல 3 நிமிடமும் ஆகும். ஒவ்வொருவரும் மூன்று சுற்றாவது செய்ய வேண்டும் என்றால், 6 பேருக்கு 126 நிமிடம் ஆகிறது. 15 பேரைச் சேர்த்துக்கொண்டால் அதுவே ஐந்து மணி நேரத்தைத் தாண்டிவிடும். அப்போது யாராவது மூன்று பேர் மட்டும் செய்ய, மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். பெரும்பாலும் மிகுந்த தயக்கமுள்ளவர்கள்தான் அந்த வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில் இருப்பார்கள், பயிற்சி அதிகம் தேவைப்படுபவர்களும் அவர்கள்தான்.

இடம், குழாயடியாகவோ கைகழுவும் தொட்டியாகவோ இருக்க வேண்டும். நாற்காலி போட்ட அரங்கில் காற்றில் கை அசைத்துக் காட்டினால், எந்தப் பக்கம் நிற்பது, சோப்பு எங்கே இருப்பது என்ற கேள்விகளே எழாமல் போகும். வந்திருக்கும் தாய்மார்களின் வீட்டில் குழாய் இல்லை, வாளியும் மக்கும்தான் என்றால், அவர்களுக்கு வாளியையும் மக்கையும் வைத்தே பயிற்சி கொடுங்கள்.

பொருள்கள் அதிகம் தேவையில்லை. சோப்பு (சிறு கைக்கு முழுக்கட்டி வழுக்கும் என்பதால் பாதியாக வெட்டியது), துண்டு, முக்காலி, வினாடி காட்டும் கடிகாரம், ஆளுக்கு ஐந்தாறு சரிபார்ப்புத் தாள், பென்சில். கைபேசியில் படம் பிடிப்பதாக இருந்தால் அதற்கான ஒப்புதலை முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். குழந்தை படத்தில் வருமானால் பெற்றோரின் ஒப்புதல் தனியாக வேண்டும்.

முதல் நாள் குழந்தைகளை அழைக்க வேண்டாம். பெரியவர் தடுமாறிக் கற்கும் நேரத்துக்குக் குழந்தையைப் பயன்படுத்துவது முறையல்ல. தவறான உதவியைக் குழந்தை நான்கு முறை பெற்றால், அந்தத் தவறையும் சேர்த்தே கற்றுக்கொள்ளும். தாய்மார்கள் வரவேண்டும் என்றால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அடுத்த அறையில் ஒருவரை ஏற்பாடு செய்வதும், பேருந்து நேரத்துக்கு ஏற்ப முடிப்பதும் பயிற்சித் திட்டத்தின் பகுதிகளே.

2. இரண்டு பட்டியல்களை எழுதுதல்

குழந்தை செய்ய வேண்டியவற்றுக்கு ஒரு பட்டியலும், கற்றுத்தருபவர் செய்ய வேண்டியவற்றுக்கு இன்னொரு பட்டியலும் வேண்டும். புதிய பயிற்றுநர்கள் முதல் பட்டியலை மட்டும் எழுதிக்கொண்டு வருகிறார்கள். அதை வைத்துக் குழந்தையை மதிப்பிடலாமே தவிர ஆசிரியரைப் பயிற்றுவிக்க முடியாது.

குழந்தையின் பட்டியலை உட்கார்ந்த இடத்தில் எழுதாதீர்கள். குழாயடியில் நின்று ஒருமுறை நீங்களே கை கழுவிக்கொண்டு எழுதுங்கள். மனத்திலிருந்து எழுதும்போது குழாயை மூடுவதும் சோப்பைத் திரும்ப வைப்பதும் வழக்கமாக விட்டுப்போகும். நான் பயன்படுத்தும் வரிசை இது: குழாயடிக்குப் போதல், குழாயைத் திறத்தல், இரு கைகளையும் நனைத்தல், குழாயை மூடுதல், சோப்பை எடுத்துக் கையில் பூசுதல், சோப்பை வைத்தல், உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு என 20 வினாடி தேய்த்தல், குழாயைத் திறந்து அலசுதல், குழாயை மூடுதல், துண்டால் துடைத்தல்.

கற்றுத்தருபவரின் பட்டியலில் "அன்பாக", "பொறுமையாக", "சரியான முறையில்" போன்ற சொற்கள் இருக்கக் கூடாது. ஒருவர் பொறுமையாக இருந்தாரா என்பதில் இருவர் இரண்டு விதமாகச் சொல்லலாம். ஐந்து வினாடி காத்திருந்தாரா என்பதில் அப்படிச் சொல்ல முடியாது. பட்டியல் இப்படி அமையலாம்:

1. குழந்தையை அழைக்கும் முன்பே சோப்பு, துண்டு, முக்காலி ஆகியவற்றை அதனதன் இடத்தில் வைக்கிறார்.
2. குழந்தைக்குப் பின்னால், சற்றே பக்கவாட்டில் நிற்கிறார்.
3. "கை கழுவு" என்று ஒரே ஒரு முறை சொல்கிறார்.
4. ஒவ்வொரு படியின் தொடக்கத்திலும் 5 வினாடி எதுவும் பேசாமல், தொடாமல் காத்திருக்கிறார்.
5. குழந்தை தொடங்காவிட்டால் முதலில் சைகை மட்டும் காட்டுகிறார்.
6. அதற்குப் பின்னும் 5 வினாடி கழித்தே முழங்கையையோ மணிக்கட்டையோ லேசாகத் தொட்டு நகர்த்துகிறார்.
7. அதுவும் போதாதபோது மட்டும் கைமேல் கை வைத்துச் செய்யவைக்கிறார்.
8. குழந்தை கையை இழுத்துக்கொண்டாலோ உடலை விறைத்துக்கொண்டாலோ உடனே தன் கையை எடுத்துவிடுகிறார்.
9. கடைசிப் படி முடிந்த 3 வினாடிக்குள், எதற்காகப் பாராட்டுகிறோம் என்பதைச் சொல்லிப் பாராட்டுகிறார்.
10. குழந்தை நகர்ந்த பிறகு, ஒவ்வொரு படிக்கும் தந்த உதவியைக் குழந்தையின் தாளில் குறிக்கிறார்.

இவற்றில் 4, 8, 9 ஆகியவை ஒருபோதும் தவறக் கூடாதவை என்று தாளிலேயே வட்டமிடுங்கள். காத்திருக்காவிட்டால் குழந்தைக்குத் தானாகச் செய்யும் வாய்ப்பே கிடைக்காது. மறுக்கும் குழந்தையின் கையைப் பிடித்துச் செய்யவைத்தால் அது கற்பித்தல் அல்ல, வற்புறுத்தல். நாளடைவில் குழாயடியே குழந்தைக்குப் பயமாகிவிடும். பாராட்டு தாமதமானால், துண்டைத் தரையில் போட்டதற்கே பாராட்டியதாக முடிந்துவிடலாம்.

சைகையில் தொடங்கிக் கைமேல் கை வரை போகும் இந்த ஏறுவரிசை, சில படிகளையாவது ஏற்கனவே அறிந்த குழந்தைக்கு ஏற்றது. எதுவுமே தெரியாத, தவறுகள் மிகுதியாகச் செய்யும் குழந்தைக்கு முழு உதவியில் தொடங்கிப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வரும் இறங்குவரிசைதான் நல்லது. ஆனால் ஒரே பயிற்சியில் இரண்டையும் கற்றுத்தராதீர்கள். இரண்டும் கலந்தால் எதுவும் கையில் நிற்காது.

3. பயிற்சிக்கு முந்தைய அளவீடு

எதையும் விளக்கும் முன், ஒவ்வொருவரையும் "நீங்க வழக்கமா எப்படிச் சொல்லிக்கொடுப்பீங்களோ அப்படியே செய்யுங்க" என்று கேட்டுக்கொண்டு, நீங்கள் குழந்தையாக நடித்து, பட்டியலின்படி குறித்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஏற்கனவே தெரிந்ததில் நேரத்தைச் செலவிடாமல் இருக்க இது உதவும். பயிற்சிக்குப் பின் என்ன மாறியது என்று சொல்வதற்கும் இதைத் தவிர வேறு ஆதாரம் கிடைக்காது.

இந்தக் கட்டத்தில் திருத்தவே கூடாது. "ஐயோ, அப்படி இல்ல" என்று ஒரு சொல் வந்துவிட்டாலும் அளவீடு கெட்டுவிடும். அதைவிட, வந்தவர் கூச்சத்தில் சுருங்கிவிடுவார். "நன்றி, இது எனக்குத் தெரிய வேண்டியிருந்தது" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இதே நேரத்தில் பட்டியலையும் சோதித்துவிடலாம். நீங்களும் இன்னொரு பயிற்றுநரும் ஒரே ஆளைத் தனித்தனியாகக் குறித்து ஒப்பிடுங்கள். பத்தில் எட்டு படியிலாவது, அதாவது 80 விழுக்காடாவது, இருவர் குறிப்பும் ஒத்துப்போக வேண்டும். அதற்குக் கீழே வந்தால் பட்டியலின் சொற்களைத் திருத்துங்கள். "பக்கத்தில் நிற்கிறார்" என்ற சொல் இப்படித்தான் "பின்னால், சற்றே பக்கவாட்டில்" என்று மாறியது.

4. சுருக்கமாகச் சொல்லுதல்

பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஒருபக்கத் தாளைக் கையில் கொடுத்து, ஒவ்வொரு வரிக்கும் காரணத்தை ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள். காரணம் தெரிந்தவர், தாள் கையில் இல்லாத நாளிலும் சரியாக முடிவெடுப்பார். "பின்னால் நிற்கச் சொல்வது எதற்கென்றால், எதிரே நின்றால் குழந்தை உங்கள் முகத்தைப் பார்க்கும், தன் கையைப் பார்க்காது, கைமேல் கை வைக்கும்போதும் வலது இடது மாறிப்போகும்" என்பது போல.

"ஒருமுறை மட்டும் சொல்லுங்கள்" என்பதற்குத்தான் அதிக எதிர்ப்பு வரும். சொல்லச் சொல்லத்தானே பிள்ளை கேட்கும் என்பது நியாயமான நம்பிக்கை. பெரும்பாலான வீடுகளில் வழக்கமும் அதுவே. ஆறு முறை சொன்ன பிறகே ஏதாவது நடக்கும் என்று பழகிய குழந்தை, முதல் ஐந்து முறையையும் காதில் வாங்கத் தேவையில்லை என்று கற்றுக்கொள்கிறது என்பதைச் சொல்லிவிட்டு நகருங்கள். வாதம் வேண்டாம். அடுத்த கட்டத்தில் கண்ணால் பார்க்கும்போது அவர்களே ஏற்றுக்கொள்வார்கள்.

5. செய்து காட்டுதல்

மூன்று முறை காட்டுங்கள், மூன்றும் வெவ்வேறு விதமாக. முதல் முறை எதுவும் விளக்காமல் இயல்பான வேகத்தில் முழுவதையும் செய்யுங்கள். ஐந்து வினாடி மௌனம் எவ்வளவு நீளமானது என்பதை அறை முழுவதும் உணர வேண்டும். நடுவில் விளக்கம் சொன்னால் அந்த மௌனமே காணாமல் போகும். இரண்டாம் முறை ஒவ்வொரு படியிலும் நிறுத்தி, மனத்தில் என்ன முடிவெடுக்கிறீர்கள் என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள்: "இப்போ மூணு வினாடி ஆச்சு, கை குழாய் பக்கம் போகுது, அதனால நான் தொட மாட்டேன்." திறமையான ஆசிரியரின் வேலையில் பாதி கண்ணுக்குத் தெரியாத இந்த முடிவுகள்தான், அவற்றைச் சொல்லாவிட்டால் பார்ப்பவர் கையசைவை மட்டுமே படியெடுப்பார்.

மூன்றாம் முறை பார்ப்பவர்கள் கையில் சரிபார்ப்புத் தாளைக் கொடுத்துக் குறிக்கச் சொல்லுங்கள். இந்த முறை வேண்டுமென்றே இரண்டு தவறுகளைச் செய்யுங்கள்: ஒருமுறை இரண்டு வினாடியிலேயே தொட்டுவிடுங்கள், பாராட்டைத் தாமதப்படுத்துங்கள். பிறரின் தவறைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர் தன் தவறை விரைவில் கண்டுகொள்வார். ஆனால் தவறான செய்முறை கடைசியாகக் கண்ணில் நிற்கக் கூடாது என்பதால், உடனே அதே இடத்தைச் சரியாகச் செய்து முடியுங்கள்.

குழந்தையாக நடிப்பவர் உதவிப் பயிற்றுநராக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் உடனே செய்துவிடும் "நல்ல பிள்ளை"யாக நடித்தால் எந்த உதவியையும் காட்ட முடியாது. இரண்டு படியில் தானாகச் செய்வது, மூன்றில் சைகைக்குச் செய்வது, ஒன்றில் தண்ணீரோடு விளையாடுவது, ஒன்றில் கையை இழுத்துக்கொள்வது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

படப்பதிவைக் காட்டலாமா என்று கேட்பார்கள். வீட்டுக்கு எடுத்துப் போய்த் திரும்பப் பார்ப்பதற்குப் பதிவு மிகவும் பயன்படும். ஆனால் நேரில் காட்டுவதற்கு மாற்றாக அதைக் கொள்ளாதீர்கள், "இந்தப் பக்கம் சுவர் இருந்தா எங்க நிக்கிறது?" என்ற கேள்விக்குப் பதிவால் பதில் சொல்ல முடியாது.

6. செய்யவைத்தல்

பயிற்சி நேரத்தில் பாதிக்கு மேல் இங்கேதான் செலவாக வேண்டும். மூன்று மூன்று பேராகப் பிரியுங்கள்: ஒருவர் ஆசிரியர், ஒருவர் குழந்தை, ஒருவர் தாளைப் பிடித்துக் குறிப்பவர். ஒவ்வொரு சுற்றுக்கும் பங்கு மாற வேண்டும். குழந்தையாக நிற்கும் சுற்று வீண் அல்ல. எச்சரிக்கையில்லாமல் பின்னாலிருந்து ஒரு கை வந்து மணிக்கட்டைப் பிடித்தால் எப்படி இருக்கிறது என்பதைத் தன் உடம்பில் உணர்ந்தவர், பிறகு தானாகவே மென்மையாகத் தொடுகிறார். எந்த விளக்கமும் இதற்கு ஈடாகாது.

குழந்தையாக நடிப்பவருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள். அதில் இருப்பதை ஆசிரியராக இருப்பவர் பார்க்கக் கூடாது. முதல் சுற்றுச் சீட்டு எளிமையாக இருக்கட்டும்: எல்லாப் படியையும் சைகைக்குச் செய். இரண்டாம் சுற்றில் சில படிகளுக்குத் தொடுகை தேவைப்படட்டும். மறுப்பும் விளையாட்டும் மூன்றாம் சுற்றில் வரட்டும். தொடக்கத்திலேயே கடினமான சீட்டைக் கொடுத்தால் எல்லாரும் சிரித்துக் குழம்பிவிடுவார்கள். நடிப்பு மிகையாகி, அழுது புரளும் பிள்ளையை யார் அடக்குவது என்ற போட்டியாக மாறிவிடும்.

இங்கே திரும்பத் திரும்ப வரும் தடுமாற்றங்கள் சில. ஐந்து வினாடி என்று நினைத்துக்கொண்டு இரண்டு வினாடியில் கை போய்விடும். பெரும்பாலானோருக்கு இது முதல் சுற்றில் நடக்கும். குறிப்பவர் விரலால் ஒவ்வொரு வினாடியையும் காட்டட்டும். அடுத்த சுற்றில் ஆசிரியர் மனத்துக்குள் எண்ணட்டும். சைகையோடு வாய்ச்சொல்லும் சேர்ந்து வருவது இன்னொன்று: குழாயைச் சுட்டிக்காட்டிக்கொண்டே "அதைத் திற" என்பார்கள். கை உதவியைப் பின்னால் குறைத்துவிடலாம். வாய்ச்சொல் உதவியைக் குறைப்பது கடினம், ஏனென்றால் சொல்பவருக்கே தான் சொல்வது தெரிவதில்லை. தேய்க்கும் 20 வினாடிக்கு மட்டும் மெதுவாக எண்ணுவதை அனுமதிக்கலாம், பிறகு அதையும் மெல்லக் குறைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

"எனக்குப் புரிஞ்சிடுச்சு, நான் செய்ய வேண்டாம்" என்பவரையும் கட்டாயம் செய்யவையுங்கள். பல ஆண்டுப் பணி அனுபவம் உள்ளவர்களே பெரும்பாலும் இதைச் சொல்வார்கள். எல்லார் முன்பும் செய்யக் கூச்சம் என்றால், அவருடைய முதல் சுற்றை உங்களோடு தனியாகச் செய்யட்டும். விட்டுக்கொடுக்கக் கூடியது அவ்வளவுதான்.

7. பின்னூட்டம் தருதல்

சுற்று முடிந்த உடனே, அதே குழாயடியில் நின்றபடி சொல்லுங்கள். மதிய உணவுக்குப் பிறகு எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லும் பொதுக் கருத்து யாருக்கும் போய்ச் சேராது.

வரிசை இப்படி: சரியாகச் செய்த இரண்டு செயல்களைப் பெயரிட்டுச் சொல்லுங்கள், திருத்த வேண்டிய ஒன்றை, அது எந்தப் படியில் நடந்தது, அதற்குப் பதிலாக என்ன செய்ய வேண்டும் என்பதோடு சொல்லுங்கள், தேவையானால் அந்தப் படியை மட்டும் நீங்கள் ஒருமுறை செய்து காட்டுங்கள், அப்போதே அவரை அதைத் திரும்பச் செய்யவையுங்கள். கடைசிப் பகுதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். திருத்தத்தைக் கேட்டுத் தலையசைத்தவர் அதைக் கேட்டிருக்கிறார், அவ்வளவே. திரும்பச் செய்து பார்த்தால்தான் திருத்தம் கையில் ஏறும்.

ஒரு தாயிடம் இப்படிச் சொல்லலாம்: "சோப்பையும் துண்டையும் முன்னாடியே எடுத்து வச்சீங்கம்மா, அதனால பிள்ளையை விட்டுட்டு நகர வேண்டி வரல. கையை இழுத்ததும் உடனே விட்டுட்டீங்க, அதுதான் ரொம்ப முக்கியம். குழாயைத் திறக்கிற இடத்துல மட்டும் ரெண்டு வினாடியிலேயே தொட்டுட்டீங்க. அஞ்சு எண்ணிட்டு, முதல்ல குழாயைக் காட்டிப் பாருங்க. அந்த இடத்தை மட்டும் இப்போ இன்னொரு தடவை செய்யலாமா?" இதில் "நல்லா பண்ணீங்க" என்ற பொதுவான பாராட்டு இல்லை. எது நன்றாக இருந்தது என்று தெரியாத பாராட்டு கேட்க இனிமையாக இருக்கும், ஆனால் அடுத்த முறை எதைத் திரும்பச் செய்வது என்று அதிலிருந்து அவருக்குத் தெரியாது.

வயதில் மூத்த ஆசிரியரைத் திருத்தும்போது இளம் பயிற்றுநர்கள் தயங்கி, திருத்தத்தையே விழுங்கிவிடுவது உண்டு. பேசும் ஆதாரத்தைத் தாளுக்கு மாற்றிவிடுங்கள்: "டீச்சர், ஆறாவது படியில குறி விழல. நீங்க பார்த்தப்போ எப்படி இருந்துச்சு?" தாளைப் பார்த்து அவரே கண்டுபிடிக்கும்போது மரியாதையும் குறையாது, திருத்தமும் நிற்கும். ஒரு நேரத்தில் ஒரு திருத்தம் போதும். ஐந்து தவறு இருந்தால், வட்டமிட்ட மூன்றில் ஏதாவது அவற்றில் உள்ளதா என்று பாருங்கள்; இருந்தால் அதையே முதலில் எடுங்கள்.

ஆளைப் பற்றிப் பேசாதீர்கள். "நீங்க ரொம்ப அவசரப்படுறீங்க" என்பது குணத்தைப் பற்றிய தீர்ப்பு. அதை வைத்துக்கொண்டு அவரால் எதுவும் செய்ய முடியாது. குழந்தையின் தாய் என்றால் அந்தச் சொல் இன்னும் ஆழமாகக் குத்தும். பிள்ளைக்கு இப்படி ஆனதே தன்னால்தான் என்று உறவினர் சொல்லக் கேட்டுக் கேட்டு வந்தவர் அவர்.

8. தேர்ச்சியை முடிவு செய்தல்

பத்துக்கு 9 படிகள், வட்டமிட்ட மூன்றும் தவறாமல், தொடர்ந்து இரண்டு சுற்றில், இரண்டு வெவ்வேறு சீட்டுகளுக்கு: இதை அளவாக வைத்துக்கொள்ளலாம். ஒரு சுற்று தற்செயலாகச் சரியாக அமையலாம் என்பதால்தான் இரண்டு கேட்கிறோம். நேரம் முடிந்துவிட்டது என்பதற்காகச் சான்றிதழ் கொடுக்காதீர்கள். தேர்ச்சி வராதவர் அடுத்த வாரம் வந்து எஞ்சிய சுற்றுகளை முடிக்கட்டும். யார் எத்தனை சுற்றில் கற்றார் என்பதை வெளியே சொல்லத் தேவையில்லை.

9. குழந்தையோடு செய்தல்

தேர்ச்சி வந்த ஒரு வாரத்துக்குள் குழந்தையோடு செய்துவிட வேண்டும். தாமதமானால் பழைய பழக்கம் திரும்பும். சாப்பாட்டுக்கு முன் போன்ற இயல்பான நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். எந்தக் காரணமும் இல்லாமல் நாளில் எட்டு முறை கை கழுவவைத்தால் குழந்தைக்கு அந்த வேலையின் பொருளே புரியாது.

முதல் இரண்டு முறை நீங்கள் குழந்தையின் கண்ணில் படாதபடி சற்றுத் தள்ளி நில்லுங்கள். குறுக்கிட்டுக் குழந்தையின் கையை நீங்களே பிடித்துவிடும் ஆசை வரும். அதற்கு இடம் கொடுத்தால், "டீச்சர் செஞ்சாதான் கேக்கும்" என்ற முடிவுக்குத் தாய் வந்துவிடுவார். குழந்தைக்கு அடிபடும் நிலை வந்தால் தவிர, பின்னூட்டம் குழந்தை நகர்ந்த பிறகே.

ஆசிரியர் பத்துப் படியையும் சரியாகச் செய்து, இரண்டு வாரமாகியும் குழந்தையின் தாளில் எந்த மாற்றமும் இல்லையென்றால், ஆசிரியரை மேலும் பயிற்றுவிப்பதில் பயனில்லை. திட்டத்தை மாற்ற வேண்டும்: இறங்குவரிசைக்கு மாறலாம், கடைசிப் படியிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிக் கற்றுத்தரலாம், சோப்பின் வழவழப்போ தண்ணீரின் குளிர்ச்சியோ பிடிக்கவில்லையா என்று பார்க்கலாம். இரண்டு தாள்களையும் சேர்த்துப் பார்ப்பவருக்கே இந்த வேறுபாடு புலப்படும்.

10. வீட்டுக்குப் போதல்

மையத்தில் வந்த திறன் வீட்டுக்குத் தானாக நடந்து போகாது. உலக சுகாதார நிறுவனம் 2 முதல் 9 வயதுவரையுள்ள, வளர்ச்சித் தாமதம் கொண்ட குழந்தைகளின் குடும்பங்களுக்காக உருவாக்கிய பராமரிப்பாளர் திறன் பயிற்சியிலும் 9 குழு அமர்வுகளோடு 3 வீட்டுச் சந்திப்புகள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. தமிழ்நாட்டில் வட்டார வள மையங்களின் சிறப்புப் பயிற்றுநர்கள் வீட்டுக்கே சென்று குழந்தைகளைப் பார்ப்பது வழக்கத்தில் இருக்கிறது. அந்தச் சந்திப்பில் குழந்தைக்குத் தாங்களே கற்றுத்தந்துவிட்டு வருவதைவிட, தாய் கற்றுத்தருவதைப் பார்த்துப் பின்னூட்டம் சொல்லிவிட்டு வந்தால், அடுத்த சந்திப்பு வரையுள்ள நாள்களும் பயன்படும்.

வீட்டில் இரண்டு கேள்விகளை முதலில் தீருங்கள். குழந்தையால் எட்டிப் பிடிக்க முடியாத இடத்தில் சோப்பு இருக்கிறதா? தாயைத் தவிர வேறு யார் கை கழுவிவிடுகிறார்கள்? பெரும்பாலும் பாட்டியாக இருப்பார். ஐந்து வினாடி காத்திருப்பது அவருக்குப் பிள்ளையைத் தவிக்கவிடுவதாகத் தோன்றும். "பாட்டி, நீங்க அஞ்சு வரைக்கும் எண்ணுங்க, அதுக்குள்ள அவன் என்ன செய்யறான்னு பார்த்துச் சொல்லுங்க" என்று குறிப்பவர் பங்கை அவருக்குக் கொடுத்துவிட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். குழந்தை தானாகக் கை நீட்டுவதை முதலில் பார்ப்பவரும் அவராகவே இருப்பார்.

11. பின்தொடர்தல்

ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம் என மூன்று முறையாவது அதே தாளோடு போய்ப் பாருங்கள். காத்திருக்கும் நேரம் சுருங்குவதும், குறிப்பு எழுதுவது நின்றுபோவதும்தான் முதலில் நடக்கும். சரிவு தெரிந்தால் முழுப் பயிற்சியையும் திரும்ப நடத்த வேண்டியதில்லை. சரிந்த படியை மட்டும் செய்து காட்டி, செய்யவைத்து, பின்னூட்டம் சொன்னால் போதும். நன்றாக நிலைத்திருக்கும் படிகளையும் பெயரிட்டுச் சொல்லுங்கள். தவறு கண்டுபிடிக்க மட்டுமே வருபவர் என்ற பெயர் உங்களுக்கு வந்துவிட்டால், நீங்கள் வரும் நாளில் மட்டும் எல்லாம் சரியாக நடக்கும்.

பயிற்சி பெற்றவர் பிறருக்குப் பயிற்சி அளிக்கப் போகிறார் என்றால், அது வேறொரு திறன். கைகழுவக் கற்றுத்தரத் தெரிந்தவருக்குப் பின்னூட்டம் தரத் தெரியும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அவருக்கென்று இன்னொரு பட்டியல் எழுதி, அதையும் இதே வரிசையில் பழக்க வேண்டும்.

12. நேரம் குறைவாக இருந்தால்

"இரண்டு மணி நேரம்தான் தர முடியும், முப்பது பேர் வருவார்கள், ஐந்து திறன்களும் வேண்டும்" என்று அழைப்பு வருவது வழக்கம். இதில் முதலில் திறன்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள், பிறகு ஆட்களின் எண்ணிக்கையை. அதற்கும் அவர்கள் இசையாவிட்டால் விளக்கத்தைத் தாளாக முன்கூட்டியே அனுப்பிவிட்டு, முந்தைய அளவீட்டை இரண்டு மூன்று பேரோடு நிறுத்திக்கொண்டு, கூட்டத்தைப் பகுதி பகுதியாக வேறு நாள்களில் வரச் சொல்லலாம். செய்யவைப்பதிலும் பின்னூட்டத்திலும் மட்டும் கைவைக்காதீர்கள். அவற்றையும் வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், அழைத்தவர்களிடம் அது அறிமுக உரை மட்டுமே என்று முன்பே தெளிவாகச் சொல்லிவிட்டு, பயிற்சிக்கு வேறொரு நாளைக் கேட்டு வாங்குங்கள்.